வேட்டுவாளி வீட்டைச் சுத்தி நான் வச்ச செங்கல்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன், ஒரு வாரம் லீவு. எங்க ஊரு சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டை ஒட்டி இருக்கு, பாக்குற இடமெல்லாம் செக்கச்செவேல்னு மணலும் பனைமரமும்தான். வீட்டு முன்னாடி இருக்கிற முற்றத்தை நாங்க முத்தம்னுதான் சொல்லுவோம், அதுலயும் அதே தேரி மண்ணுதான், அம்மா தினமும் சாணி தெளிச்சு கோலம் போடுற இடம் மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கும், மத்தபடி ஓரமெல்லாம் பொலபொலன்னு கெடக்கும்.

மாட்டுப்பொங்கல் அன்னைக்கு காலையில பத்து பத்தரை இருக்கும், துணி துவைக்கிற கல்லு பக்கத்துல உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருந்தேன். எங்கேயோ ர்ர்ர்... ர்ர்ர்னு சின்னதா ஒரு சத்தம், போன் வைப்ரேட் ஆகுதுன்னுதான் முதல்ல நெனச்சேன். பாத்தா காலுக்கு ரெண்டடி தள்ளி மண்ணுல ஒரு குளவி தலைகீழா நின்னுக்கிட்டு குழி தோண்டுது. தலை உள்ள, பின்பக்கம் மட்டும் வெளிய. கருப்பு உடம்பு, இடுப்பு நூல் மாதிரி, தையல் நூல்னே சொல்லலாம் அவ்வளவு மெலிசு, அந்த நூலுக்கு அப்புறம் வயிறு ஆரம்பிக்கிற எடத்துல செங்கல் கலர்ல ஒரு பட்டை. உள்ள போகும், ர்ர்ர்னு சத்தம் வரும், பின்பக்கமாவே வெளிய வரும், வாய்க்கும் முன்னங்காலுக்கும் நடுவுல ஒரு உருண்டை மண்ணை அணைச்சுப் பிடிச்சிருக்கும், அப்படியே ஒரு முழம் பறந்து போய் அதைத் தூவிட்டு திரும்பி வரும். தோண்டுன மண்ணை குழி வாசல்லயே குமிச்சு வைக்கல, அது எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு, ஏன்னா எறும்பு அப்படித்தானே குமிச்சு வைக்கும். குமிச்சு வச்சா இங்க ஒரு வீடு இருக்குன்னு எல்லாருக்கும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிரும்ல.

நான் சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். அரைமணி நேரத்துக்கு மேல இருக்கும். தோண்டி முடிச்சதும் சுத்தி நடந்து கல்லு தேடுச்சு, ஒரு கல்லை எடுத்து குழி வாயில வச்சுப் பாத்துச்சு, சரியா உக்காரல போல, தூக்கிப் போட்டுட்டு வேற கல்லு எடுத்துட்டு வந்துச்சு, அது கச்சிதமா உக்காந்துச்சு. மேல கொஞ்சம் மண்ணைத் தள்ளி விட்டுட்டு கிளம்பிருச்சு. குழி எங்க இருக்குன்னு எனக்கே தெரியல, அவ்வளவு நேரம் கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டு இருந்த எனக்கே.

அப்பதான் அந்தத் தப்பைப் பண்ணேன். அம்மா விளக்குமாத்தோட வர்ற நேரம், பிள்ளைங்க வேற மாட்டுக்குக் கட்டுன சலங்கையை எடுத்துக்கிட்டு முத்தத்துல ஓடுதுங்க, யாராவது மிதிச்சிருவாங்களேன்னு பயந்து நாலஞ்சு உடைஞ்ச செங்கல் துண்டை எடுத்துட்டு வந்து அந்த இடத்தைச் சுத்தி வட்டமா வச்சேன். நல்லது பண்றோம்னுதான் வச்சேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு அது வந்துச்சு. பறந்து வரல, நடந்து வந்துச்சு, ஏன்னா அதோட உடம்பை விட பெருசா ஒரு பச்சைப் புழு, அதைத் தன் வயித்துக்குக் கீழ நீளவாக்குல வச்சு வாயால கவ்விக்கிட்டு, காலெல்லாம் ரெண்டு பக்கமும் அகட்டி வச்சு, முள்ளு மேல ஏறி பனஓலைக்குக் கீழ பூந்து வருது. துவைக்கிற கல்லு வரைக்கும் நேரா வந்துச்சு, தடுமாற்றமே இல்லாம. செங்கல்லு பக்கத்துல வந்ததும் நின்னுருச்சு. புழுவைக் கீழ வச்சுட்டு மேல பறந்து ஒரு சுத்து சுத்திப் பாத்துச்சு, திரும்ப புழுகிட்ட வந்துச்சு, திரும்ப தேடப் போச்சு. செங்கல்லுக்கு வெளியவே சுத்திக்கிட்டு இருக்கு, உள்ள குழி ஒரு சாண் தூரத்துல இருக்கு, அதுக்குத் தெரியல. அதுக்குள்ள எறும்பு வேற புழுவை மோப்பம் பிடிச்சு வர ஆரம்பிச்சிருச்சு. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, நெஜமாத்தான் சொல்றேன். ஓடிப்போய் செங்கலை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்தேன், எடுத்துட்டு தள்ளி நின்னேன். கொஞ்ச நேரத்துல அது நேரா குழிமேல வந்து இறங்கி கல்லை எடுத்துப் போட்டுச்சு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன். நான் தெரியாம பண்ணதை ஒருத்தர் தெரிஞ்சே பண்ணிப் பாத்திருக்காரு, கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி. நிகோ டின்பெர்கன்னு ஒரு டச்சுக்காரர், நெதர்லாந்துல ஹுல்ஸ்ஹோர்ஸ்ட்ங்கிற ஊர்ல மணல்வெளி, அங்க தேனீயை மட்டும் வேட்டையாடுற ஒரு குளவி இருக்கு, தேனீ ஓநாய்னு சொல்றாங்க, ஃபிலாந்தஸ் இனம். மணல்ல நூத்துக்கணக்கா குழி, ஒவ்வொரு குளவியும் தேனீயைத் தூக்கிட்டு வந்து தன்னோட குழிலதான் கரெக்டா இறங்குது. எப்படி கண்டுபிடிக்குதுன்னு பாக்க, குளவி உள்ள இருக்கும்போதே குழியைச் சுத்தி பைன் மரக்காயை வட்டமா வச்சாரு. அது வெளிய வந்து குழிக்கு மேல ஒரு வளையம் அடிச்சு இடத்தை மனசுல வாங்கிக்கிட்டு வேட்டைக்குப் போயிருச்சு. போனதும் அந்தக் காய் வட்டத்தை அப்படியே ஒரு அடி தள்ளி வச்சுட்டாரு. தேனீயோட வந்த குளவி எங்க இறங்குச்சு தெரியுமா, காய் வட்டத்துக்கு நடுவுல. குழி பக்கத்துலயே தொறந்து கெடக்கு, அது வெறும் மண்ணைத் தேடிக்கிட்டு இருக்கு. அப்புறம் காயை முக்கோணமா வச்சு, வேற பொருளை வட்டமா வச்சு எது பக்கம் போகுதுன்னும் பாத்திருக்காங்க, காய் எதுன்னு அதுக்கு முக்கியம் இல்ல, வட்டம்தான் முக்கியம், வட்டத்துக்குத்தான் போச்சு. இதை வச்சுத்தான் 1932-ல டாக்டர் பட்டம் வாங்குனாரு, பின்னாடி 1973-ல நோபல் பரிசும் கிடைச்சுச்சு, விலங்குகளோட நடத்தையை ஆராய்ஞ்சதுக்காக மூணு பேருக்குச் சேத்துக் குடுத்தாங்க, அதுல இவர் ஒருத்தர். படிக்கும்போது என் செங்கல்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதுக்கு நம்ம துவைக்கிற கல்லும், பனஓலையும், தண்ணித்தொட்டியும்தான் அட்ரஸ், நான் பாட்டுக்கு புதுசா நாலஞ்சு சுவரு கட்டி வச்சா அது என்ன பண்ணும்.

மறுநாள் ஆச்சிகிட்ட சொன்னேன். ஆச்சி உடனே, "அது வேட்டுவாளில்லா மக்கா, புழுவைக் கொண்டுபோய் கொட்டிக் கொட்டி தன்னைய மாதிரியே ஆக்கிரும்"னாங்க. குளவி கொட்டக் கொட்ட புழுவும் குளவியாகும்னு நம்ம எல்லாருமே கேட்டிருப்போம். குருவையே நெனச்சுக்கிட்டு இருக்கிற சீடன் குருவாவே ஆயிருவான்னு சொல்றதுக்கு இதைத்தான் உதாரணமா சொல்லுவாங்க, வடமொழில பிரமர கீட நியாயம்னே பேரு இருக்கு. வாத்தியார் அடிச்சா கூட இதைச் சொல்லி சமாதானம் பண்ணுவாங்க.

இது உண்மை இல்ல, ஆனா இதை மூடநம்பிக்கைன்னு ஒதுக்கித் தள்ள எனக்கு மனசு வரல. யோசிச்சுப் பாருங்க, குளவி புழுவைக் கொட்டுறதை ஒருத்தர் பாத்திருக்காரு, கூட்டுக்குள்ள வச்சு அடைக்கிறதைப் பாத்திருக்காரு, கொஞ்ச நாள் கழிச்சு அதே கூட்டுல இருந்து குளவி வெளிய வர்றதையும் பாத்திருக்காரு. மூணுமே உண்மை. நடுவுல ஒரே ஒரு விஷயம்தான் கண்ணுக்குத் தப்பிப் போச்சு, புழு மேல ஒட்டியிருந்த சின்ன முட்டை. வெள்ளையா, வெள்ளரி விதையை இன்னும் சின்னதாக்குன மாதிரி ஒரு முட்டை. அதுல இருந்து வர்ற குஞ்சுப்புழு அந்தப் பச்சைப் புழுவைத் தின்னு வளந்து, பட்டு நூத்து கூடு கட்டி, அப்புறம் குளவியா வருது. ஆச்சி இதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அப்ப அந்தப் புழு பாவம்லா"ன்னாங்க. ஆமா, பாவம்தான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

பேரு மட்டும் எவ்வளவு சரியா வச்சிருக்காங்க பாருங்க. வேட்டுவாளி, வேட்டுவன், மலையாளத்துல வேட்டாளன். வேட்டையாடுற ஆளுன்னு நேரடியாவே அர்த்தம்.

கொட்டுற விஷயத்துலதான் எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு. கொன்னு போட்டா இந்த வெயில்ல புழு ஒரே நாள்ல அழுகிரும், உயிரோட போட்டா புழு நெளியுற நெளியில முட்டை நசுங்கிரும். ரெண்டும் ஆகக்கூடாது. லியோன் டுஃபூர்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் ஒரு குளவியோட குழியில இருந்து பளபளன்னு வண்டுகளைத் தோண்டி எடுத்தாரு, செத்த வண்டு ஆனா கெடவே இல்ல, அதனால குளவியோட விஷத்துல ஏதோ ஊறுகாய் போடுற மாதிரி மருந்து இருக்குன்னு முடிவு பண்ணிட்டாரு. அதைப் படிச்சுட்டு ழான் ஹென்றி ஃபாப்ர்னு ஒரு ஸ்கூல் வாத்தியார், அதிகமா வசதி இல்லாத மனுஷன், தானே போய் அதே இனக் குளவி கொண்டுவந்த வண்டுகளைப் பாத்தாரு, 1855-ல எழுதுனாரு, வண்டு சாகவே இல்ல, அசையத்தான் முடியலன்னு. எப்படி நிரூபிச்சாருன்னா, அந்த வண்டு சில நாள் கழிச்சும் எச்சம் போடுது, கரண்டு வச்சா காலு துடிக்குது. அதோட விடல, பேனா நிப்புல அமோனியாவைத் தொட்டு வண்டோட நெஞ்சுப்பகுதியில சரியான எடத்துல குத்திப் பாத்தாரு, குளவி கொட்டுன மாதிரியே அது அசையாம படுத்துருச்சு. சரியான எடம்னா நரம்பு முடிச்சு இருக்கிற எடம். அந்த வகை வண்டுக்கு முடிச்செல்லாம் ஒண்ணாச் சேந்து ஒரே எடத்துல இருக்கு, அதனால ஒரு கொட்டு போதும். புழுவுக்கு அப்படி இல்ல, உடம்புல கணுக்கணுவா முடிச்சு இருக்கு, அதனால குளவி கணுக்கணுவா கொட்டுது. ஆச்சி சொன்ன "கொட்டிக் கொட்டி" அந்த இடத்துல அப்படியே பொருந்துது.

நான் பாத்தது அம்மோஃபைலா இனம். கிரேக்கத்துல மணலை நேசிக்கிறதுன்னு அர்த்தமாம், தேரிக்காட்டுக்குப் பொருத்தமான பேரு. இதே இனத்துல ஐரோப்பாவுல இருக்கிற ஒரு வகையை ஜெரார்ட் பேரென்ட்ஸ்னு ஒருத்தர் வருஷக்கணக்கா பாத்து 1941-ல எழுதியிருக்காரு, அந்தக் குளவி ஒரே நேரத்துல ரெண்டு மூணு குழியைப் பராமரிக்குது, ஒண்ணுல முட்டை, ஒண்ணுல சின்னக் குஞ்சு, ஒண்ணுல பெரிய குஞ்சு. காலையில எழுந்ததும் வெறுங்கையோட ஒவ்வொரு வீட்டையும் தொறந்து பாத்துட்டு வருமாம், யாருக்கு எவ்வளவு சாப்பாடு வேணும்னு அந்த ஒரு தடவை பாத்ததை வச்சு அன்னைக்கு முழுக்க வேலை பாக்குமாம். இவரு பிளாஸ்டர்ல குழி செஞ்சு வச்சு உள்ள இருக்கிறதை மாத்தி மாத்தி வச்சுப் பாத்திருக்காரு, காலையில அது பாக்குறதுக்கு முன்னாடி மாத்துனா அதுக்கு ஏத்த மாதிரி புழு கொண்டு வருது, பாத்ததுக்கு அப்புறம் மாத்துனா கண்டுக்கிறதே இல்ல. மூணு பிள்ளைக்கும் அன்னைய சாப்பாட்டுக் கணக்கை காலையிலயே போட்டு அந்தக் கடுகளவு மூளையில வச்சிருக்கு. எங்க அம்மா காலையில எழுந்ததும் அரிசிப்பானையை ஒரு தடவை தொறந்து பாக்குறதுதான் ஞாபகம் வந்துச்சு.

புழுவை உள்ள இழுத்துட்டுப் போனதும் என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். கொஞ்ச நேரம் உள்ள இருந்துச்சு, முட்டை அப்பதான் வச்சிருக்கணும். வெளிய வந்து குழியை நிரப்ப ஆரம்பிச்சுச்சு, மண்ணு, சின்னக்கல்லு, மண்ணு, நடுநடுவுல தலையை வச்சு அமுக்கி. கடைசியில ஒரு கல்லை வாயில கவ்விக்கிட்டு டொக்கு டொக்குன்னு மேல இடிச்சுச்சு பாருங்க, தளம் போடுற கொத்தனார் திம்சு கட்டை வச்சு அடிக்கிற மாதிரியே. நானே தப்பாப் பாத்துட்டனோன்னு நெனச்சேன், ஆனா அமெரிக்காவுல விஸ்கான்சின்ல பெக்கம்னு ஒரு கணவன் மனைவி 1898-லயே இதைப் பாத்து எழுதியிருக்காங்க, பூச்சி ஒண்ணு கருவியைப் பயன்படுத்துறதுக்கு இதை இன்னைக்கும் உதாரணமாச் சொல்றாங்க.

அந்த நேரம் முழுக்க பக்கத்துல ஒரு கல்லு மேல சாம்பல் கலர்ல ஒரு ஈ அசையாம உக்காந்திருந்துச்சு. சாதாரண ஈன்னு நெனச்சு விட்டுட்டேன். அது சாதாரண ஈ இல்லையாம், குளவி பின்னாடியே போய் அது கொண்டு வர்ற இரை மேல முட்டை கூட இல்ல, உயிரோட குட்டிப் புழுவையே போட்டுட்டுப் போயிரும் ஒரு வகை, அது உள்ள போய் குளவி முட்டையையும் அழிச்சு புழுவையும் தின்னுரும். குளவி ஏன் அவ்வளவு தூரம் மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுச்சு, ஏன் தரையோட தரையா மட்டம் பண்ணிட்டுப் போச்சுன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. என் செங்கலால அது பத்து நிமிஷத்துக்கு மேல புழுவை வெளிய போட்டுட்டு அலைஞ்சுச்சே, அந்த நேரத்துல ஈ புழுகிட்ட வந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அது இன்னும் மனசுல கெடக்கு.

மண்ணுக்குள்ள ஈரம், பூஞ்சை பிடிக்குமேன்னு கேப்பீங்க. டின்பெர்கன் பாத்த அந்தத் தேனீ ஓநாய்க்கு இதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, 2005-ல வெளிவந்த ஆராய்ச்சி இது, தாய்க்குளவியோட உணர்கொம்புல சின்னச் சின்ன சுரப்பி, அதுக்குள்ள ஒரு பாக்டீரியாவை வளத்து வச்சிருக்கு, ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை, நம்ம மாத்திரைக்கு எந்தக் குடும்பத்துல இருந்து ஆன்டிபயாட்டிக் எடுக்கிறாங்களோ அதே குடும்பம். குழிக்குள்ள சுவத்துல அதை வெள்ளையாப் பூசிட்டுப் போகும், குஞ்சு கூடு நூக்கும்போது அதையும் சேத்து நூத்துக்கும், அது மருந்து சுரந்து மாசக்கணக்கா பூஞ்சை வராம காக்குது. அந்தக் குஞ்சு வெளிய வரும்போது தாய் இருக்காது. பிள்ளை முகத்தைப் பாக்காத அம்மா, அதுக்கு சாப்பாடும் வச்சு மருந்தும் பூசிட்டுப் போயிருக்கா. எழுதும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆகுது.

எல்லாக் குளவியும் இப்படி அடைச்சுட்டுப் போறதும் இல்ல. மணப்பாடு கடற்கரை மணல்ல ரெண்டு வருஷம் முன்னாடி பெம்பிக்ஸ்னு ஒரு குளவியைப் பாத்தேன், நாய் காலால மண்ணைப் பறிச்சு பின்னாடி வீசுமே, அதே மாதிரி வீசித் தோண்டும். அது ஈ பிடிக்கிற குளவி, பிள்ளை வளர வளர தினமும் புது ஈயாப் பிடிச்சுட்டு வந்து ஊட்டும்.

இவ்வளவும் ஏன் எழுதுறேன்னா, அப்பா முத்தம் முழுக்க பேவர் பிளாக் போடணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. மழை பெஞ்சா சேறு ஆகுது, கார் நிப்பாட்டணும், அவங்க சொல்றதும் நியாயம்தான், அறுபது வயசுல வழுக்கி விழுந்தா யாரு பாக்குறது. எங்க தெருவுல பாதி வீட்டுல ஏற்கனவே போட்டாச்சு. அதோட குளவின்னாலே எல்லாருக்கும் பயம், போன வருஷம் பக்கத்து ஊர்ல பனைமரத்துல கதண்டு கூடு கட்டி தீயணைப்பு வண்டி வந்து கொளுத்திட்டுப் போச்சு, கதண்டு கொட்டி ஆள் செத்த செய்தி பேப்பர்ல அடிக்கடி வருது. அது வேற, இது வேற. கதண்டுக்குக் கூடு இருக்கு, ராணி இருக்கு, காவல் காக்கக் கூட்டம் இருக்கு, அதனால தொரத்தித் தொரத்திக் கொட்டும். வேட்டுவாளி தனி ஆளு, அதுக்கு சண்டை போட நேரமும் இல்ல ஆளும் இல்ல, அதோட கொடுக்கு புழுவை மயக்குறதுக்கு வச்சிருக்கிற கொடுக்கு. கையால பிடிச்சு அமுக்குனா கொட்டும், மத்தபடி நீங்க பக்கத்துல உக்காந்து பாத்தாலும் அது பாட்டுக்கு வேலையைப் பாக்கும். ஆம்பளைக் குளவிக்கு கொடுக்கே கிடையாது. சாயங்காலம் வேட்டுவாளி எங்க தூங்குதுன்னு பாருங்களேன், செடித்தண்டை வாயால கவ்விப் பிடிச்சுக்கிட்டு உடம்பைக் குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும், வீடு தோண்டுறது பிள்ளைக்கு மட்டும்தான், தனக்கு இல்ல.

அப்பாகிட்ட ரெண்டு நாள் பேசினேன். துவைக்கிற கல்லுல இருந்து முருங்கை வரைக்கும், அகலம் ஒரு ஆறடி, அதை மட்டும் மண்ணாவே விடலாம்னு ஒத்துக்கிட்டாங்க. "நீ இல்லாதப்ப நான் என்ன அதுக்குக் காவலா"ன்னு அம்மா கேட்டாங்க, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சுடுதண்ணி ஊத்தாதீங்க, பினாயில் ஊத்தாதீங்க, செங்கல் வைக்காதீங்க, அவ்வளவுதான்னேன்.

போன ஞாயித்துக்கிழமை அம்மா வீடியோ கால் பண்ணுனாங்க, ஹலோ கூட சொல்லல, கேமராவைத் தரையில காட்டுறாங்க. பின்கட்டு பாத்ரூம் வாசல். பச்சையா நீலமா மினுமினுன்னு ஒரு குளவி, தொடை மட்டும் சிவப்பு, தன்னை விட பெரிய கரப்பானை மீசையைப் பிடிச்சு மாட்டை ஓட்டிட்டுப் போற மாதிரி நடத்திக் கூட்டிட்டுப் போகுது, கரப்பானும் பேசாம பின்னாடியே நடக்குது. "கரப்பானைப் பாத்ததும் செருப்பை எடுத்துட்டேன், அப்புறம் இதைப் பாத்தேன்"ன்னாங்க. இதுவும் வேட்டுவாளிதாம்மா, தோண்டாது, இருக்கிற பொந்துல கொண்டுபோய் வச்சு கல்லு வச்சு அடைச்சிரும், மூளையில கொட்டிருக்கு, அதான் கரப்பானுக்கு தானா ஓடணும்னு தோணலன்னு சொன்னேன். அம்மா செருப்பைக் கீழ போட்டுட்டு குத்தவச்சு உக்காந்துட்டாங்க. போன்ல கொஞ்ச நேரம் வெறும் தரைதான் தெரிஞ்சுச்சு. உள்ள இருந்து அப்பா சோறு வைக்கலையான்னு கேக்குறாங்க, அம்மா திரும்பாமலே, "இருங்க, பொந்துக்குள்ள கொண்டு போவுது"ன்னாங்க.